அழுகுணிச் சித்தப்பா

கேரம் பலகையில் பவுடரைத் தூவிவிட்டு அதை ஊதுவதற்காகக் குனியும்போது சித்தப்பாவின் இடது கைச் சுண்டுவிரல் மட்டும் தனியாக ஒரு வேலைக்குக் கிளம்பும். உதடுகள் குவிந்திருக்கும். கண்கள் பாதி மூடியிருக்கும். உலகத்தோடு எந்தக் கணக்கும் இல்லாதவரைப் போல முகம் சாந்தமாக இருக்கும். பவுடர் புகையாக எழுந்து அடங்குவதற்குள், நடுவில் எங்கோ நின்றிருந்த கறுப்புக் காய் குழியின் வாயோரம் வந்து காத்துக்கொண்டிருக்கும். "இது எப்ப இங்க வந்துச்சு?" என்று முதலில் கேட்பதும் அவர்தான். கேட்டுவிட்டுப் புறங்கையால் மூக்கைத் தேய்ப்பார். பொய் சொல்லும்போதெல்லாம் அவருக்கு மூக்கு அரிக்கும். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். அதனால் அந்தப் பொய்களால் யாரும் ஏமாந்ததில்லை.

ஆட்டத்தில் கள்ளத்தனம் செய்கிறவர்களை அழுகுணி என்பார்கள். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. நாங்கள் மாடியில், அவர் குடும்பம் கீழே. என் அம்மா படிக்கட்டில் நின்று "அழுகுணி, டீ ஆறுது" என்று குரல் கொடுப்பாள். அவர் "இதோ வந்துட்டேன் அண்ணி" என்பார், கொஞ்சமும் கோபமில்லாமல்.

நகரத்தின் விளிம்பில் இருந்த கோல்ஃப் கிளப்பில் அவருக்கு வேலை. புல்வெளியின் ஒரு ஓரத்தில் ஆட்டக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டு கூடை கூடையாகப் பந்துகளை அடித்துப் பழகுவார்கள். அடித்த பந்துகளை யாராவது பொறுக்கியாக வேண்டும். சுற்றிலும் கம்பி வலை அடித்த ஒரு சின்ன வண்டியில் ஏறிக்கொண்டு, பந்துகள் வந்து விழுந்துகொண்டிருக்கும்போதே அந்த வெளிக்குள் போய்வருவார் சித்தப்பா. வண்டியின் முன்னால் உருளும் தட்டுகள் பந்துகளைக் கவ்விக்கொள்ளும். சிலர் வேண்டுமென்றே வண்டியைக் குறிபார்த்து அடிப்பார்கள். வலையில் பந்து மோதும் ஓசை மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பார். "எல்லாரும் வேலை செஞ்சு சம்பளம் வாங்குறான். நான் அடி வாங்கிச் சம்பளம் வாங்குறேன்." இதைப் புதிதாக வருகிற எல்லா விருந்தாளிகளிடமும் சொல்வார். சித்தி ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சில வருடங்களில் அவருக்கு வலது காது மந்தமாகிவிட்டது.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். கிளப்புக்கு விடுமுறையான நாட்களில் ஊழியர்களின் பிள்ளைகள் உள்ளே வந்து விளையாடலாம். மற்ற பிள்ளைகள் மணல் பள்ளங்களில் குதித்துக்கொண்டிருக்க, பாப்பா ஒரு பழைய மட்டையை எடுத்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்று ஒரே பந்தை அடித்தபடி இருந்தாள். சிறுவர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியாளர் அம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். அதை வீட்டில் வந்து சொன்ன அன்று சித்தப்பா புறங்கையை மூக்கருகே கொண்டுபோகவில்லை. அதனால்தான் நாங்கள் நம்பினோம்.

அந்த ஆட்டத்தில் கூடவே நின்று தப்பைப் பிடிக்கும் நடுவர் கிடையாது. எங்கோ ஒருவர் இருப்பார், கூப்பிட்டால் வருவார். மற்றபடி தன் அடிகளைத் தானே எண்ண வேண்டும். மட்டை தவறிப் பட்டு பந்து ஒரு விரற்கடை நகர்ந்தாலும், யாரும் பார்க்காவிட்டாலும், தானே கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். மணலில் நடந்தால் தன் காலடித் தடத்தைத் தானே அழித்துவிட்டு வர வேண்டும். தோற்றாலும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைகுலுக்க வேண்டும். பாப்பா இதையெல்லாம் வகுப்போடு விட்டுவிடாமல் வீட்டுக்கும் கொண்டுவந்தாள். கண்ணாடி டம்ளர் உடைந்தால், யார் என்று கேட்பதற்குள் "நான்தான்" என்று வந்து நிற்பாள். உட்கார்ந்து எழுந்த நாற்காலியைப் பழைய இடத்தில் சரியாக வைத்துவிட்டுப் போவாள். என் அம்மாவுக்கு அவளைப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருந்தது. "பிள்ளையா இது, பெரிய மனுஷி" என்பாள்.

பிறகு அது கேரம் பலகைக்கும் வந்தது.

"அப்பா, காய் அங்க இருந்துச்சு."

"எங்கடா?"

"நீ தள்ளுறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சோ, அங்க."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். காயை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். அடுத்த வாரமும் அதே கதை, அதற்கடுத்த வாரமும். பாப்பா சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. ஒவ்வொரு முறையும் காயைக் காட்டினாள், அவ்வளவுதான். ஒருநாள் பவுடரை ஊதக் குனிந்தபோது சித்தப்பா இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கை அங்கேதான் இருந்தது. ஆட்டத்தில் சுவாரசியம் போய்விட்டது என்று என் அப்பா சலித்துக்கொண்டார். பெயர் மட்டும் மாறவில்லை. ஒரு மனிதன் மாறிவிட்டான் என்பதற்காகக் கூப்பிடும் பெயரை மாற்றிக்கொள்ள யாருக்கு ஞாபகம் வரும்?

ஒரு சாயங்காலம் ஆட்டம் முடிந்து காய்களைப் பெட்டியில் போடும்போது, என்னிடம் சொல்வதுபோலவும் தனக்குத்தானே சொல்வதுபோலவும் சொன்னார்: "இப்பெல்லாம் ஜெயிச்சா நெசமாவே ஜெயிக்கிறேன், தோத்தா நெசமாவே தோக்குறேன். ஊரு என்னவோ சொல்லிட்டுப் போகட்டும். பாப்பாவுக்குத் தெரிஞ்சா போதும்."

பாப்பாவுக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது சிறுவர் சாம்பியன்ஷிப் வந்தது. ஜெயிக்கிற பெண்ணுக்கு மாநில அணியில் இடம். அதுவரை ஊழியர் வீட்டுப் பிள்ளை யாரும் கடைசி நாள் வரை வந்ததில்லை. சித்தப்பா விடுப்பு எடுத்துக்கொண்டார், தானே சட்டையை இஸ்திரி போட்டார், சித்தியையும் என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் கால்சட்டைப் பைகளில் எப்போதும் வேலை இடத்துப் பந்துகள் நாலைந்து உருண்டுகொண்டிருக்கும். பாப்பா அன்று காலை அவற்றை எடுத்துவைக்கச் சொன்னாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்து சமையலறை அலமாரியில் வைத்தார். பிறகு அவள் தன்னுடைய மூன்று பந்துகளைக் கொடுத்தாள். ஒவ்வொன்றிலும் பச்சை மையில் ஒரு புள்ளி, அதன் கீழே ஒரு கோடு, அவளுடைய அடையாளம். "என்கிட்ட தீந்துட்டா கேப்பேன். வேற எதுவும் பையில வெச்சுக்காத, சரியா?" என்றாள். அவர் பள்ளிக்கூடப் பையனைப் போலத் தலையாட்டினார்.

பெற்றோர்கள் ஓரப் பாதையோடுதான் நடக்க வேண்டும். ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. பந்து காணாமல் போனால் தேடிக்கொடுக்கலாம், அதற்கு மட்டும் அனுமதி உண்டு. பாப்பாவுக்குப் போட்டியாக அவளோடு சேர்ந்து ஆடிய பெண் இரட்டைச் சடை போட்டிருந்தாள். அவள் அப்பா ஒரு கட்டட காண்ட்ராக்டர். விதிப்படி அவரும் வாயே திறக்கவில்லை. ஆனால் கையில் ஒரு குடை வைத்திருந்தார். மகள் தப்பாக அடிக்கும்போதெல்லாம் குடையின் முனையால் தரையை ஒரு தட்டுத் தட்டுவார். இரட்டைச் சடை குளத்தைத் தாண்டி அடிக்க வேண்டிய இடத்தில் பந்து தண்ணீரில் விழுந்தது. ஒரு தட்டு. மறுபடியும் விழுந்தது. இன்னொரு தட்டு. அந்தப் பெண்ணின் தோள்கள் காதுவரை ஏறிவிட்டன. சித்தி என் காதில், அந்தக் குடையைப் பிடுங்கி அந்தக் குளத்திலேயே போட வேண்டும்போல இருக்கிறது என்றாள்.

முடிவதற்குச் சில குழிகளே பாக்கி. பாப்பா ஒரு அடி குறைவாக அடித்து முன்னால் இருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். அடுத்த குழிக்கு அவள் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து புதருக்குள் போனது. மரத்தில் 'டொக்' என்று பட்ட ஓசை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தேடுவதற்கு மூன்றே நிமிடம்தான். நடுவர் வந்து கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். எல்லோரும் புதருக்குள் இறங்கினோம். முட்கள் சட்டையைப் பிடித்து இழுத்தன. சித்தப்பா மட்டும் புதருக்கு வெளியே, வெட்டிய புல்லின் ஓரமாகக் குனிந்து நடந்துகொண்டிருந்தார்.

"பாப்பா, இங்க இருக்கு."

வெட்டிய புல்லின் மேல், தட்டில் எடுத்து வைத்ததுபோலப் பந்து உட்கார்ந்திருந்தது. பாப்பா வந்து தொடாமல் குனிந்து பார்த்தாள். பச்சைப் புள்ளி, கீழே கோடு. இரட்டைச் சடையின் அப்பா பக்கத்தில் வந்து நின்று, "உள்ள போனத நான் பாத்தேன். வெளிய கெடக்கு. நல்ல அதிர்ஷ்டம்தான்" என்றார். குடை ஒரு தட்டுத் தட்டியது. நடுவர் சித்தப்பாவின் பைகளை மட்டும் பார்த்தார்.

பாப்பா நிமிர்ந்தாள்.

"அப்பா, பையில இருக்கறத எடுங்க."

பேசக் கற்ற நாளிலிருந்து அவரை 'நீ' என்று கூப்பிட்டவள். சித்தப்பா பைக்குள் கையை விட்டு எடுத்து நீட்டினார். உள்ளங்கையில் இரண்டு பந்துகள்.

"மூணு குடுத்தேன்."

"ஆமா."

"இன்னொண்ணு எங்க?"

அவர் எங்களைப் பார்த்தார், நடுவரைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். "எங்கயோ விழுந்திருக்கும்மா" என்றார். சொல்லிவிட்டு, காலியாக இருந்த கையின் புறங்கையால் மூக்கைத் தேய்த்தார்.

சித்தி கண்களை மூடிக்கொண்டாள்.

"இத நீங்க போட்டீங்களா?"

"இல்லம்மா. நான் போடல." பந்துகள் இருந்த கை நீட்டியபடியே இருந்தது.

நடுவர் மெல்லிய குரலில் விளக்கினார். பந்தில் இருப்பது அவளுடைய அடையாளம். தான் அடித்த பந்துதான் என்று அவள் சொன்னால் இங்கிருந்தே ஆடலாம். சந்தேகம் இருந்தால் திரும்பிப் போய், ஒரு அடி தண்டனையோடு முதலிலிருந்து அடிக்கலாம். அவள்தான் சொல்ல வேண்டும். பாப்பா புல்லில் இருந்த பந்தை எடுத்து நடுவர் கையில் கொடுத்தாள். அப்பாவின் உள்ளங்கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டாள். அடித்த இடத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தாள். நீளமான புல்வெளி அது. அவள் போய்ச் சேரும்வரை சித்தப்பா கையை மடக்கவே இல்லை.

கோப்பை வேறொரு பெண்ணுக்குப் போயிற்று. பாப்பா தொப்பியைக் கழற்றி, எல்லோரிடமும் கைகுலுக்கினாள். பயிற்சியாளர் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். பரிசளிப்பில், அதுவரை இல்லாத ஒரு விருதைக் கிளப் செயலாளர் அறிவித்தார்: நேர்மைக்கான விருது. காரணத்தை அவர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மண்டபம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. சித்தப்பாவும் எழுந்து நின்று கைதட்டினார். மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தார்.

விருதாகக் கொடுத்த வெள்ளித் தட்டைக் கூடத்து அலமாரியில் வைத்தார்கள். அதற்குக் கீழேதான் அவர் நாற்காலி.

சித்தி அன்று சோறு போடும்போது கேட்டுவிட்டாள். "பெத்த பொண்ணுக்காகத்தான செஞ்சீங்க. ஒத்துக்கிட்டு மன்னிச்சுடும்மான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சிடுவீங்க?"

"நான் செய்யல."

"அப்ப அந்தப் பந்துக்குக் கால் மொளச்சு அதுவா நடந்து வெளிய வந்துச்சா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பாப்பா எழுந்து கை கழுவப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது படுகிறது. பேசாமல் விட்டதால் அது ஒரு முடிவான விஷயமாகிவிட்டது, சுவரைப் போல.

கிளப்பில் பையன்கள் அவருக்கு 'பாக்கெட்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். யாருக்காவது ஏதாவது காணாமல் போனால், "பாக்கெட் அண்ணே, கொஞ்சம் உதறிக் காட்டுங்க" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பைகளை வெளியே இழுத்துக் காட்டுவார். சில மாதங்களில் வண்டி வேண்டாம் என்று கேட்டு, பந்து கழுவும் கொட்டகைக்கு மாறிக்கொண்டார். பாப்பாவின் ஆட்டங்களைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டார். "நான் வந்தா அவளுக்குக் கவனம் செதறும்" என்று காரணம் சொன்னார். கேரம் பலகை கட்டிலுக்குப் பின்னால் போயிற்று. எப்போதாவது நாங்கள் கூப்பிட்டால் விரல் வலிக்கிறது என்பார்.

பாப்பா கல் நெஞ்சக்காரி இல்லை. அடுத்த வருடமே அணியில் இடம் பிடித்தாள். படித்தாள், வேறொரு நகரத்தில் சிறுவர்களுக்குக் கோல்ஃப் கற்றுத்தரும் வேலைக்குப் போனாள். முதல் வருடத்திலேயே அப்பாவுக்குக் காது கருவி வாங்கி அனுப்பினாள். தினமும் போன் செய்வாள். "சாப்பிட்டீங்களா? மாத்திரை போட்டீங்களா?" எல்லாம் சரியாகவே இருக்கும். அந்த 'நீங்க' மட்டும் பழையபடி 'நீ'யாகவில்லை.

பெற்றோர் கூட்டம் ஒன்றில் அவள் பேசியதை யாரோ படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள். சித்தப்பாவுக்குப் போனில் அதை ஓட்டிக் காட்டியது நான்தான். போனை நல்ல காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு கேட்டார், படத்தைப் பார்க்கவில்லை. விளையாட்டு குழந்தைகளுக்கு என்ன கற்றுத்தரும் என்று அவள் பேசினாள். பாதியில் அந்த நாளைச் சொன்னாள். "எங்கப்பா கெட்டவர் இல்ல. என் மேல இருந்த பாசத்துல ஒரு நிமிஷம் தடுமாறிட்டாரு. அன்னிக்கு அந்தப் பந்த நான் ஆடியிருந்தா, வாழ்க்கை பூரா அதத் தூக்கிட்டுத் திரிஞ்சிருப்பேன்." கைதட்டல் கேட்டது. அது அடங்கும்வரை சித்தப்பா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு என்னிடம் கொடுத்தார்.

"நல்லாப் பேசுறா. ஒரு எடத்துலகூடத் திக்கல."

போன வருடம் அவருக்குச் சிறுநீரகம் கைவிட்டது. ஆஸ்பத்திரியில், ஜன்னலோரக் கட்டில் வேண்டும் என்று மட்டும் கேட்டார். பாப்பா வந்து தங்கினாள். துணியை நனைத்து முகம் துடைத்துவிட்டாள், தலை வாரிவிட்டாள், நகம் வெட்டினாள். ஒரு மத்தியானம் நர்ஸ் வந்து போனபிறகு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல காதுப் பக்கமாகக் குனிந்தாள். சித்தி கட்டிலின் கால்மாட்டில் இருந்தாள், நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"அப்பா, அன்னிக்கு நடந்தத நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. எனக்குக் கோவம் இல்ல. என்னிக்கோ போயிடுச்சு. எனக்காகத்தான செஞ்சீங்க."

சித்தப்பா அவளை நீண்ட நேரம் பார்த்தார். ஏதோ சொல்லப்போகிறவர்போல உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். கடைசியில், "சரிம்மா" என்றார்.

பாப்பா அழுதாள். பெரிய பாரம் ஒன்றை இறக்கிவைத்தவளின் அழுகை அது. அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். உன்கிட்ட படிக்கிற பிள்ளைங்க சொன்ன பேச்சு கேக்குதுங்களா என்று விசாரித்தார். அந்த வாரத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் குறைந்துபோன ஒரு நாளில், தலைமுடியைக் குட்டையாக வெட்டிய ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். சித்தி உள்ளே அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். பாப்பா அதற்கு முந்தின நாள்தான் ஊருக்குத் திரும்பியிருந்தாள். வந்தவள் தன்னை யாரென்று சொன்ன பிறகுதான் எனக்கு அந்த இரட்டைச் சடை நினைவுக்கு வந்தது. உள்ளே வரவில்லை, படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். தன் அப்பாவும் சமீபத்தில் இறந்துவிட்டதாகவும், அவர் இருக்கும்வரை இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை என்றும் சொன்னாள்.

குளத்தில் பந்துகள் போன பிறகு அவளிடம் ஒரே ஒரு பந்துதான் மிச்சம் இருந்ததாம். அதையும் அடுத்த குழியில் தொலைத்துவிட்டாள். காலையில் அப்பா எண்ணிக் கொடுத்த பந்துகள் அவை. இல்லை என்று அவரிடம் போய் நிற்க முடியாது. யாரிடமும் கடன் வாங்கலாம், விதியில் அதற்குத் தடையில்லை. ஆனால் பாப்பாவிடம் கேட்டால் எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டியிருக்கும். தண்ணீர் குடிக்கும் கொட்டகைக்குப் பின்னால் நின்று அவள் அழுதுகொண்டிருந்தபோது சித்தப்பா அந்தப் பக்கம் வந்திருக்கிறார். ஒன்றும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவள் தன் பேனாவால் பச்சைப் புள்ளியையும் கோட்டையும் மறைத்துக் கறுப்பு வட்டமாக்கிக்கொண்டாள்.

"அங்கிள், அப்பாகிட்ட சொல்லாதீங்கன்னு கேட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்மா, போய் ஆடுன்னாரு."

தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. அது போய் முடியும்வரை அவள் காத்திருந்தாள்.

"மூணாவது எங்கன்னு கேட்டப்ப எங்கப்பா எனக்குப் பக்கத்துலயே குடையோட நின்னாரு. என்னால தாங்க முடியல. சொல்லிடலாம்னு வாயத் தொறந்துட்டேன். அங்கிள் என்னப் பாத்தாரு. யாருக்கும் தெரியாம, வேணாம்னு லேசாத் தலைய ஆட்டுனாரு."